53 மீட்டர் ஆழத்தில் ஒரு கணக்காளருக்குக் கணக்கு மறந்த கதை

இருபத்தோரு வருடமாக மற்றவர்களின் வரவு செலவைச் சரிபார்ப்பது என் தொழில். ஒரு பேரேட்டில் தொண்ணூறு பைசா இடித்தாலும் கண்ணில் பட்டுவிடும். அப்படிப்பட்ட நான் மட்டக்களப்புக் கடலுக்கு அடியில், 90 என்ற எண்ணைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, அது 110-ஐவிடச் சிறியது என்பது தெரியாமல் சில நிமிடங்கள் மிதந்துகொண்டிருந்தேன். உயிர் போகவில்லை. போனது ஒரு லட்சத்துப் பத்தொன்பதாயிரம் ரூபாயும் ஒரு வாரமும் என்மேல் எனக்கு இருந்த கொஞ்சம் மரியாதையும். இதை முன்கூட்டியே யாராவது எனக்கு உட்காரவைத்துச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றுவதால் எழுதுகிறேன்.

ஸ்கூபா எனக்கு நாற்பது வயதில் வந்த பைத்தியம். புதுச்சேரியில் ஆரம்பப் பயிற்சி, அந்தமானில் அடுத்த நிலை, பிறகு 40 மீட்டர் வரை போகலாம் என்கிற ஆழமுக்குளிப்புச் சான்றிதழ். அந்தப் பயிற்சியில் நைட்ரஜன் மயக்கம் பற்றி, அதாவது ஆழத்தில் நாம் சுவாசிக்கும் நைட்ரஜனே மூளையை மந்தமாக்குவது பற்றி, ஒரு பாடம் உண்டு. 30 மீட்டரில் மண்டியிட்டு உட்காரவைத்து, ஒரு பலகையில் கலைந்து கிடக்கும் 1 முதல் 25 வரையான எண்களை வரிசையாகத் தொடச் சொன்னார்கள். தரையில் 31 விநாடி, ஆழத்தில் 29. கடலுக்குள் என் மூளை இன்னும் கூர்மையாகிறது என்று அன்று இரவு எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். அதே பலகையை இரண்டாம் முறை தொட்டால் யாருக்கும் வேகம் கூடும் என்கிற எளிய உண்மையைப் பயிற்றுநரும் சொல்லவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. மட்டக்களப்பில் நடந்ததற்கு விதை அந்த 29 விநாடிதான்.

மட்டக்களப்புக்குப் போகக் காரணம் ஹெர்மிஸ். விமானந்தாங்கிக் கப்பலாகவே வரைந்து கட்டத் தொடங்கப்பட்ட உலகின் முதல் கப்பல் அது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசி மூழ்கடித்தன. கப்பலின் தலைவரோடு சேர்த்து 307 பேர் இறந்தார்கள். பிரிட்டிஷ் சார்ஜென்ட் என்ற எண்ணெய்க் கப்பலும் அதே நாளில் அதே கடலோரத்தில் மூழ்கியது. அது ஆழம் குறைந்த இடத்தில் கிடப்பதால் சாதாரணமாகப் போய்ப் பார்த்துவிடலாம். ஹெர்மிஸ் அப்படியல்ல. மேற்பகுதியே 40 மீட்டரைத் தாண்டித்தான் தொடங்குகிறது, கீழே மணல் 50-ஐத் தாண்டி இருக்கிறது. என் சான்றிதழின் எல்லை முடிகிற இடத்தில்தான் அந்தக் கப்பல் ஆரம்பமாகிறது. "மேல்பக்கம் மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடலாம், இங்கே எல்லோரும் சாதாரணக் காற்றை நிரப்பிய சிலிண்டரோடேயே இறங்குகிறார்கள்" என்றார் அழைத்துப்போன வழிகாட்டி. அந்த வாக்கியத்தில் எனக்குக் கேட்டது 'எல்லோரும்' என்ற சொல் மட்டும்தான்.

வீட்டில் 20 மீட்டர் ஆழம் என்று சொல்லியிருந்தேன். தனியாகத்தான் போனேன்: சென்னையிலிருந்து கொழும்பு, அங்கிருந்து இரவு ரயில். முதல் நாள் எண்ணெய்க் கப்பல், மறுநாள் ஹெர்மிஸ். இடைப்பட்ட இரவில் மூன்று மணி நேரம் தூங்கியிருப்பேன், மீதி நேரமெல்லாம் ஆவல். விடியற்காலையில் வெறும் தேநீரோடு, படகுக் குமட்டலுக்காகத் தூக்கம் வரவழைக்கும் வகை மாத்திரை ஒன்று. இவை ஒவ்வொன்றும் மயக்கத்துக்கு ஊட்டம் என்பது பிற்பாடு தெரிந்தது. நைட்ரஜன் தனியாக வேலை செய்வதில்லை. தூக்கக் குறைவு, முந்தின இரவுக் குடி, மாத்திரை, குளிர், பயம், அவசரமாக இறங்குவது, எல்லாவற்றையும் கூட்டுச் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே முதல் அறிவுரை மிகச் சாதாரணமானது. ஆழம் போகிற நாளுக்கு முந்தின இரவு தூக்கம் வரவில்லை என்றால் அன்றைய முக்குளிப்பை விட்டுவிடுங்கள். கட்டிய பணம் போகட்டும். நான் கட்டிய பணம் போகக்கூடாது என்று நினைத்துத்தான் அதைப்போல எட்டு மடங்கு இழந்தேன்.

படகில் நான்கு பேர், ஒரு வழிகாட்டி. எனக்கு இணையாக விடப்பட்டவர் முன்பின் தெரியாத ஒரு வெளிநாட்டு இளைஞர். கைகுலுக்கிப் பெயர் சொல்லிக்கொண்டோம், அவ்வளவுதான். நான் மட்டும் ஒழுங்காக என் எழுதுபலகையில் திட்டத்தைக் குறித்துக்கொண்டேன்: ஆழம் 45-க்கு மேல் வேண்டாம், 110 பார் வந்ததும் மேலே. பார் என்பது சிலிண்டர் காற்றின் அழுத்தத்தை அளக்கும் அலகு, மூச்சு விட விட இந்த எண் குறைந்துகொண்டே வரும். சிலிண்டரில் 200 பார் காற்று. ஒற்றைச் சிலிண்டர், 11 லிட்டர் கொள்ளளவு.

இங்கே கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். தரையில் எனக்குக் கணக்கு வரும். 11 லிட்டரில் 200 பார் என்றால் 2,200 லிட்டர் காற்று. கரையில் நிமிடத்துக்கு 18 லிட்டர் மூச்சு விடுகிறேன். நீருக்குள் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 50 மீட்டரில் மேலே இருப்பதோடு சேர்த்து ஆறு. வாயில் கவ்விக்கொள்ளும் ரெகுலேட்டர் அந்த அழுத்தத்துக்குச் சமமாகத்தான் காற்றைத் தரும், இல்லாவிட்டால் நெஞ்சு விரியாது. ஆக, அதே ஒரு மூச்சில் ஆறு மடங்கு காற்று. நிமிடத்துக்கு 108 லிட்டர், அதாவது ஏறக்குறைய 10 பார். மேலேறவும், உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகாமல் மெல்ல வெளியேற வழியில் நிற்கவும் ஒதுக்கியது போக, கப்பலைப் பார்க்க ஆறேழு நிமிடம் கிடைக்கும். இணைக்கு ஏதாவது ஆகி இருவரும் ஒரே சிலிண்டரில் மேலேற வேண்டியிருந்தால்? அந்த வரி என் கணக்கிலேயே இல்லை. வேறொருவர் இப்படி ஒரு திட்டத்தைக் கொண்டுவந்திருந்தால் தணிக்கைக் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பியிருப்பேன்.

அந்த ஆறு மடங்குக் காற்றில் 79 சதவீதம் நைட்ரஜன். கரையில் அது நம்மைச் சீண்டுவதில்லை. அழுத்தம் கூடும்போது இரத்தத்திலும் நரம்பணுக்களைச் சுற்றியுள்ள கொழுப்புப் படலத்திலும் அதிகமாகக் கரைந்து, ஒரு நரம்புக்கும் அடுத்ததற்கும் இடையில் செய்தி போவதை மந்தமாக்குகிறது. அறுவை சிகிச்சையில் கொடுக்கும் மயக்க வாயுக்களின் ஒன்றுவிட்ட உறவு என்று வைத்துக்கொள்ளலாம். அது எந்த மூலக்கூறைப் பிடித்து அழுத்துகிறது என்பதில் அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். குற்றவாளி நைட்ரஜன்தான் என்று 1935-இல் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பென்கேயும் அவருடைய சகாக்களும் எழுதினார்கள். அவர்கள் ஆராய்ந்த அழுத்தம் 4 வளிமண்டலம், அதாவது 30 மீட்டர். நான் 29 விநாடியில் பெருமைப்பட்டுக்கொண்ட அதே ஆழம்.

சரி, கடலுக்குள் போவோம். நங்கூரக் கயிற்றைப் பிடித்து இறங்கினோம். நீரோட்டம் எதிர்பார்த்ததைவிட வலுவாக இருந்ததால் காலை உதைத்துக்கொண்டே இறங்கவேண்டியிருந்தது. 30 மீட்டர் வரை ஒன்றுமில்லை. 40-ஐ நெருங்கும்போது என் மூச்சுக் குமிழிகளின் சத்தம் மாறியது. வெண்கலப் பாத்திரத்துக்குள் யாரோ சோழிகளை உருட்டுவதுபோல் ஒரு கணகணப்பு. உதடுகள் தடித்துப்போன மாதிரி ஓர் உணர்வு. இவை இரண்டும் எச்சரிக்கை மணி என்று பாடத்தில் படித்திருக்கிறேன். அப்போது தோன்றியது, 'எவ்வளவு அழகான சத்தம்' என்பது மட்டும்தான்.

பிறகு கப்பல் தெரிந்தது. அந்த நிம்மதியை எப்படிச் சொல்வது? கடன், மகளின் கல்லூரிக் கட்டணம், அலுவலகத்தில் ஒருவரோடு ஆறு மாதமாக இருந்த மனத்தாங்கல், எல்லாம் கழன்று விழுந்துவிட்டன. ஒரு பீரங்கிக் குழாயின்மேல் படர்ந்திருந்த மென்பவளத்தைப் பார்த்து, இதைப் பார்க்கத்தான் பிறந்திருக்கிறேன் என்று நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது. அங்கே முந்நூறு பேர் இறந்திருக்கிறார்கள் என்ற எண்ணமே வரவில்லை. கரையில் இருந்தபோது கைகூப்பி ஒரு நிமிடம் நிற்கவேண்டும் என்று நினைத்திருந்தேன்.

அழுத்தமானியைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்துவிட்டேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மூன்று முறையாவது பார்த்தேன். முள் 90-இல் இருந்தது. பலகையைப் பார்த்தேன், '110 பார் வந்ததும் மேலே' என்று என் கையெழுத்திலேயே இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டேன். 110 இன்னும் வரவில்லை, வரட்டும், காத்திருக்கலாம் என்று முடிவு செய்தேன். அந்த முடிவில் துளிக் குழப்பம் இல்லை. ஒரு பேருந்துக்காக நிற்பதுபோல, மிகப் பொறுப்பாக, 110-க்காகக் காத்துக்கொண்டு நின்றேன். முள் இறங்கிக்கொண்டுதான் போகும், ஏறி வராது என்கிற விஷயம் எங்கோ தூர தேசத்துச் செய்தியாக இருந்தது.

குடித்தவனுக்காவது கால் தள்ளாடும், நாக்குக் குழறும், எதிரே இருப்பவன் மூக்கைப் பொத்துவான். நீருக்கடியில் தள்ளாடுவதற்குத் தரை இல்லை, குழறுவதற்குப் பேச்சு இல்லை. மயக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டிய கருவி எதுவோ அதைத்தான் நைட்ரஜன் முதலில் பழுதாக்குகிறது. ஆகவே 'மயக்கம் வந்தால் கொஞ்சம் மேலேறிவிடுவேன்' என்று திட்டம் போடாதீர்கள். மேலேறினால் தெளியும் என்பது உண்மைதான். ஏறவேண்டும் என்று யாருக்குத் தோன்றப்போகிறது?

பலகையில் எழுதும் விதத்தைக்கூட இப்போது மாற்றிவிட்டேன். 'வந்ததும்', 'வரை' போன்ற சொற்கள் கிடையாது. அழுத்தமானியின் கண்ணாடியிலேயே ஒரு சிவப்பு ஒட்டுநாடா. முள் சிவப்புக்குள் நுழைந்தால் கட்டைவிரல் மேலே, அதாவது 'ஏறுவோம்' என்ற சைகை. ஆழத்தில் எண்களை ஒப்பிடும் வேலையை மூளைக்குக் கொடுக்கவே கூடாது. வண்ணத்தைப் பார்க்க மட்டும் சொல்லலாம்.

என் இணை தோளைப் பிடித்து உலுக்கியபோது எனக்குக் கோபம் வந்தது. இவன் என் நேரத்தைத் திருடப் பார்க்கிறான் என்று சத்தியமாக நம்பினேன். 'சரியா?' என்று விரலை வளைத்துக் கேட்டார். நானும் விரலை வளைத்து 'சரி' என்றேன். முக்குளிப்பவர்களுக்கு அந்தச் சைகை கையிலேயே ஊறிவிட்டது, மூளைவரை போகவேண்டிய அவசியமில்லை. அதனால் ஆழத்தில் 'சரியா?' என்று கேட்பது வீண். விரல்களைக் காட்டிக் கேளுங்கள்: நீங்கள் இரண்டு காட்டினால் எதிராளி ஒன்று கூட்டி மூன்று காட்டவேண்டும். தாமதித்தாலோ தப்பாகக் காட்டினாலோ கையைப் பிடித்து மேலே கூட்டிப்போய்விடுங்கள், விவாதம் வேண்டாம். படகிலேயே இதைப் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் பேசவில்லை. அந்தப் பிள்ளை என் தோள்பட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டே மேலேறியதால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

35 மீட்டர் வாக்கில் தெளிந்தது. மெதுவாக அல்ல, இருட்டறையில் சுவிட்சைத் தட்டியதுபோல். கையில் அழுத்தமானி, முள் 60-க்கும் கீழே. மணிக்கட்டுக் கணினியில் வழியில் நின்றாகவேண்டிய நிமிடங்கள் 14 என்று காட்டியது. அதுவரை வராத பயமெல்லாம் அந்த ஒரு நொடியில் சேர்ந்து வந்தது. பயம் வந்தால் மூச்சு கூடும், மூச்சு கூடினால் காற்று தீரும். 6 மீட்டரை அடையும்போது 20 பார்கூட இல்லை. அங்கே அவசரத்துக்காகத் தொங்கவிட்டிருந்த ஒரே சிலிண்டரை ஏற்கெனவே இருவர் பகிர்ந்துகொண்டிருந்தார்கள், நான் மூன்றாவது ஆள். அதுவும் தீர்ந்தபோது எனக்கு இன்னும் நான்கு நிமிடம் பாக்கி இருந்தது. வேறு வழியில்லாமல் மேலே வந்தேன். நிற்கவேண்டிய நேரத்தை முடிக்காததால் கணினி தன்னைப் பூட்டிக்கொண்டது.

"என்ன மகள், உதடு வெளிறிக் கிடக்கிறதே?" என்று கைகொடுத்துத் தூக்கினார் படகோட்டி ஐயா. ஆக்சிஜன் கொடுங்கள் என்றேன். உருளை இருந்தது, முகமூடியின் விளிம்பு வெடித்துக் காற்று கசிந்தது. அவர் தன் உள்ளங்கையால் அந்த விளிம்பைக் கரை வரும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தார். கிளம்புவதற்கு முன் அந்த முகமூடியை ஒரு முறை எடுத்துப் பார்க்க எனக்கு அரை நிமிடம் ஆகியிருக்கும். நீங்கள் பாருங்கள். உடலில் உண்டான நைட்ரஜன் குமிழிகளை அழுத்தத்தால் கரைக்கும் சிகிச்சைக்கான பக்கத்து அழுத்த அறை எந்த ஊரில் இருக்கிறது, எத்தனை மணி நேரப் பயணம், யார் அழைத்துப்போவார்கள் என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அந்தப் படகில் ஏறாதீர்கள்.

அன்று மாலை வலது தோளில் ஒரு மந்தமான வலி. நைட்ரஜன் குமிழியா, ஏணியில் ஏறும்போது சுளுக்கியதா என்று தெரியாமல் இரவு முழுக்க விழித்திருந்தேன். இரண்டு நாள் மருத்துவர்களிடம் அலைந்ததில் வலி தானாகவே போய்விட்டது, ஆனால் மூன்று நாள் விமானம் ஏறக்கூடாது என்றார்கள். கொழும்பில் என் விமானம் நான் இல்லாமல் பறந்தது. தவறவிட்ட டிக்கெட்டும் புது டிக்கெட்டும் 23,500, கூடுதல் நாட்களின் அறை வாடகை 10,500, வண்டியும் மருத்துவமும் 17,000. என் பயணக் காப்பீடு இதில் ஒரு ரூபாய்கூடத் தரவில்லை. சான்றிதழ் அனுமதிக்கும் ஆழத்தைத் தாண்டினால் ஈடு இல்லை என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருந்தது. ஒப்பந்தம் படிப்பதும் என் தொழிலின் ஒரு பகுதி என்பதை இங்கே குறித்துவைக்கிறேன்.

மீதி 68,000 ரூபாய், கடலுக்குள் நான் கொண்டுபோன கேமரா. அது எங்கே போனது என்று அன்று யாருக்கும் தெரியவில்லை. கொக்கி அறுந்திருக்கும் என்று நினைத்தேன்.

கணினியின் பூட்டு கழன்றதும் பதிவைப் பார்த்தேன். கீழே ஐந்து நிமிடம் இருந்ததாக என் நினைவு. பதிவில் இருந்தது பன்னிரண்டு. 45-க்கு மேல் வேண்டாம் என்று எழுதிய நான் 53 மீட்டருக்குப் போயிருக்கிறேன். எப்போது இறங்கினேன், எதற்கு இறங்கினேன், ஒன்றும் ஞாபகமில்லை. மயக்கம் மேலே வந்ததும் சுவடில்லாமல் போய்விடுகிறது என்கிறார்கள், ஆனால் போகும்போது நினைவையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறது. 'எனக்கு 50 மீட்டரில் ஒன்றுமே ஆவதில்லை' என்று சொல்கிற அனுபவசாலிகளை இப்போதெல்லாம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். ஆனது அவர்களுக்கு ஞாபகம் இருக்காது. அடிக்கடி போனால் பழகிவிடும் என்பதும் அரை உண்மை. சில வேலைகளைச் செய்யக் கை பழகும், பயம் குறையும். எதிர்பாராத ஒன்று நடந்தால் யோசிக்கிற திறன் அதே மந்தத்தில்தான் இருக்கும்.

ஊர் திரும்பியதும் வெறிபிடித்தாற்போல் படித்தேன். ஒன்று நெஞ்சில் தைத்தது. பிரெஞ்சுக் கடலாய்வாளர் கூஸ்தோவின் குழுவில் இருந்த மோரிஸ் ஃபார்க் 1947-இல் காற்றையே சுவாசித்து ஆழச் சாதனைக்காக இறங்கினார். கயிற்றில் வரிசையாகக் கட்டியிருந்த பலகைகளில் கையெழுத்திட்டுக்கொண்டே போனார். 120 மீட்டர் பலகையிலும் கையெழுத்து இருந்தது. மேலே வந்தபோது உயிர் இல்லை. பின்னாளில் இந்தியக் குடியுரிமை பெற்று 1964-இல் புவனேஸ்வரில் மறைந்த பிரிட்டிஷ் உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன், போர்க் காலத்தில் அழுத்த அறைக்குள் தானே உட்கார்ந்து 10 வளிமண்டலம் வரை காற்றைச் சுவாசித்துச் சோதித்தவர். அவர் தெரிந்தே உட்கார்ந்தார், பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள், கதவு கையெட்டும் தூரத்தில் இருந்தது.

நீரோட்டத்தில் உதைத்துக்கொண்டே இறங்கினேன் என்றேனே, அதன் பங்கும் அப்போதுதான் புரிந்தது. 50 மீட்டரில் காற்று ஆறு மடங்கு அடர்த்தி. அதை இழுத்து வெளியே தள்ளுவதே நெஞ்சுக்கு வேலை. அதோடு உடலையும் வருத்தினால் கரியமில வாயு முழுமையாக வெளியேறாமல் தேங்கும். அதுவும் மயக்கும், நைட்ரஜனின் மயக்கத்தையும் பெருக்கும். நீரோட்டம் வலுவாக இருந்தால் 'கயிற்றைப் பிடித்து எப்படியாவது' என்று நினைக்காமல் அன்றைக்குத் திரும்பிவிடுங்கள். ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த நைட்ராக்ஸ் இதற்குத் தீர்வு என்று ஒருவர் எனக்குச் சொன்னார், நம்பாதீர்கள். ஆக்சிஜனும் மயக்கக்கூடியது என்றே கருதப்படுகிறது. போதாததற்கு அந்த ஆழத்தில் அதன் அழுத்தம் கூடினால் வலிப்பு வரும். உண்மையான மாற்று ஹீலியம். கொழுப்பில் மிகக் குறைவாகக் கரையும், கனமும் இல்லை. நைட்ரஜனின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு ஹீலியம் கலந்த டிரைமிக்ஸில் போகிறவர்கள் ஹெர்மிஸைப் பார்த்து, பார்த்ததை நினைவிலும் வைத்திருக்கிறார்கள். விலை அதிகம், தனிப் பயிற்சி வேண்டும், இரட்டைச் சிலிண்டர் வேண்டும். முடியாது என்றால் எண்ணெய்க் கப்பலோடு நிறுத்திக்கொள்ளலாம். அதுவும் 1942-தான், அதுவும் அழகுதான்.

எட்டு மாதம் கழித்து என் இணை ஒரு காணொளித் துண்டை அனுப்பினார், அவருடைய தலையில் கட்டியிருந்த கேமராவில் பதிந்தது. நாற்பது விநாடி. அதில் நான் என் கேமராவின் கொக்கியை நிதானமாகக் கழற்றுகிறேன், பீரங்கிக்குப் பக்கத்தில் ஒரு தட்டையான இரும்பின்மேல் வைக்கிறேன், விழாமல் இருக்கிறதா என்று ஒரு முறை அசைத்துப் பார்க்கிறேன். பிறகு குழந்தையைத் தூங்கவைப்பதுபோல் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நகர்ந்து போகிறேன்.